சின்ன மோட்டார் உண்மையில் எத்தனை வாட் தரும்? கணக்கிடும் வழிகள், ஓர் ஒப்பீடு

மாதிரி விமான மோட்டாரின் பெட்டியில் 200 வாட் என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அது மோட்டார் விழுங்கக்கூடிய வாட். விசிறியைச் சுழற்றுவதோ தண்டில் கிடைக்கும் வாட். இரண்டுக்கும் நடுவே உள்ளதெல்லாம் வெப்பமாகப் போகிறது.

எளிய வழி வாட்மீட்டர். பேட்டரிக்கு அடுத்து இணைத்தால் 10.8 வோல்ட், 20 ஆம்பியர், ஆக 216 வாட் உள்ளே போகிறது என்று காட்டும். அதில் முக்கால் பங்கு வெளியே வரும் என்று வைத்து 162 வாட் எனக் குறித்துக்கொள்வது வழக்கம். அளந்தது 216 மட்டுமே. முக்கால் பங்கு என்பது வெறும் ஊகம்.

சூத்திர வழி இதைவிட நேர்மையானது. மோட்டாரின் மின்தடையும், விசிறி மாட்டாமல் சும்மா சுழலும்போது அது இழுக்கும் வெற்றோட்ட மின்னோட்டமும் தெரிந்தால் போதும். மின்தடை 0.05 ஓம், வெற்றோட்டத்தில் 1 ஆம்பியர் என்போம். 20 ஆம்பியர் ஓடும்போது தடையில் 1 வோல்ட் இழப்பு, மிச்சம் 9.8. மின்னோட்டத்தில் 1 கழித்தால் 19. பெருக்கினால் 186 வாட். ஊகத்துக்கும் இதற்கும் 24 வாட் வித்தியாசம்! ஆனால் 0.05 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது. அதன் கம்பிகளின் தடையே அந்த அளவுக்கு இருக்கும். சில ஆம்பியரைச் சீராகச் செலுத்தி, மோட்டாரின் முனைகளில் மில்லிவோல்ட்டை அளந்து வகுக்க வேண்டும். தாமிரச் சுருள் 60 டிகிரி சூடேறினால் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள வேகக் கட்டுப்படுத்தியின் இழப்பும் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே 186 என்பது சற்றுத் தாராளமான விடைதான்.

விசிறியின் சுழல்வேகத்தை வைத்தும் கணிக்கலாம். திறன் வேகத்தின் முப்படியைத் தொடர்வதால், வேகத்தை 5 சதவீதம் கூட்டி அளந்தால் திறன் 16 சதவீதம் ஏறிவிடும். ஒளிவழி வேகமானியைக் குழல்விளக்கின் கீழ் நீட்டினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரட்டை இறக்கை விசிறிக்கு 3000 என்று அசையாமல் காட்டும். அது விளக்கின் துடிப்பு! ஒரே விசிறியை மாட்டி இரண்டு மோட்டார்களை ஒப்பிட இந்த வழியை நான் நம்புவேன். தனி மோட்டாரின் வாட்டைச் சொல்ல நம்பமாட்டேன்.

பிரஷ் வைத்த பொம்மை மோட்டாருக்கு வருவோம். சுமை தாங்காமல் தண்டு நின்றுபோகும்போது உள்ள முறுக்குவிசையையும் சுமையில்லாத வெற்றோட்ட வேகத்தையும் பெருக்கி அதுவே திறன் என்பவர்கள் உண்டு. உச்சத் திறன் அந்தப் பெருக்கலில் கால் பங்குதான். அதுவும் பாதி வேகத்தில் கிடைப்பது. எனக்குப் பிடித்தது இரட்டை மோட்டார் வழி. ஒரே வகையில் இரண்டை எடுத்து, தண்டுகளை ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றை ஓட்டி மற்றதை மின்னாக்கியாக்கி ஒரு மின்தடையில் சுமையேற்றுங்கள். 4 வாட் உள்ளே போய் 1 வாட் வெளியே வந்தால், இணைந்த தண்டில் ஓடுவது இரண்டையும் பெருக்கியதன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 2 வாட். இரண்டின் பயனுறுதிறனும் சமம் என்ற அனுமானத்தில் சிறு பிழை இருக்கும். பொம்மைக்கு அது பரவாயில்லை.

1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி வகுத்த உராய்வுத் தடை மிக நேரடியானது: சுழலும் தண்டைக் கட்டையால் இறுக்கிப் பிடித்து, கட்டையிலிருந்து நீளும் கை தராசை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது. 10 சென்டிமீட்டர் கை தராசில் 100 கிராம் அழுத்த, தண்டு நிமிடத்துக்கு 8000 முறை சுற்றினால் 82 வாட். அந்த 82 வாட்டும் தடைக்கட்டையிலேயே இறங்கும். என் முதல் மரக்கட்டை கருகித்தான் போனது.

பல்சக்கரம் பூட்டிய மோட்டாருக்கு இத்தனை பாடு வேண்டாம். தண்டில் நூல் சுற்றி 200 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். ஒரு மீட்டரை ஒரு நொடியில் ஏற்றினால் ஏறக்குறைய 2 வாட். பல்சக்கர இழப்பெல்லாம் போக மிஞ்சியது அது. மாதிரிப் பாரந்தூக்கி செய்கிறவருக்கு வேண்டிய எண்ணும் அதுதான்.