ஸ்டெப்னியில் காற்று இல்லை

தரங்கம்பாடி போவதென்று டென்மார்க்கில் இருக்கும்போதே முடிவு செய்திருந்தோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பற்றிச் சொன்னதிலிருந்து, "எங்க ஊரு ஆளுங்க நம்ம ஊர்ல கோட்டை கட்டினாங்களா?" என்று மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். தஞ்சாவூர் வழியாகப் போனால் சீக்கிரம் என்றார்கள். எனக்குக் கடலோரம்தான் வேண்டும். தொண்டி, மல்லிப்பட்டினம் என்று போனால் மனோரா கோபுரத்தையும் பார்க்கலாம்.

விடிகாலை ஐந்து மணிக்கு மதுரையிலிருந்து கிளம்பினோம். திருப்புவனம் தாண்டவில்லை, பின் டயர் போய்விட்டது. "ஸ்டெப்னி இருக்குக்கா" என்று டிரைவர் டிக்கியைத் திறந்தார். மாட்டி ஜாக்கியை இறக்கினால் அதுவும் தரையோடு படுத்துவிட்டது. வாடகைக்கு விடும் வண்டியில் காற்றில்லாத ஸ்டெப்னி! டிராவல்ஸுக்குப் போன் போட்டால், "பார்த்துக்கலாம் மேடம்." எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டென்மார்க்கிலெல்லாம் சாவி கைக்கு வருமுன்னே டயர் நாலையும் பார்த்துவிடுவார்கள்.

எதிரே பஞ்சர் கடை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர், கூப்பிடாமலே எழுந்து வந்தார். "பதறாத தாயி, அரை மணி நேரம்" என்றார். சோப்புத் தண்ணீரைத் தடவி, நுரை கிளம்பிய இடத்தில் ஆணியைக் குறடால் பிடுங்கி, ஓட்டையை அரம்போல ஒன்றால் ராவி, பசை தடவிய பட்டையைச் செருகி, துருத்திய நுனியை பிளேடால் சீவினார். யாரும் கேட்காமலே ஸ்டெப்னியையும் பார்த்து வால்வை மாற்றினார். அதற்குள் பேரன் மகளுக்குப் பால் வாங்கி வந்துவிட்டான். 200 ரூபாய்தான் கேட்டார். 500ஐ நீட்டினேன், மீதி 300ஐ எண்ணி என் கையில் வைத்தார்.

போன குளிர்காலத்தில் அங்கே நெடுஞ்சாலையில் டயர் போய், உதவி வண்டிக்காக இரண்டரை மணி நேரம் நின்றேன். ஒரு கார் கூட நிற்கவில்லை. அது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

அப்புறம் எல்லாமே அவசரம்தான். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்கு மனோராவில் கால் மணி நேரம்தான் நின்றோம். டான்ஸ்போர்க்கைக் கண்குளிரப் பார்த்தோம். 1845இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள் என்றதும் மகளுக்கு முகம் வாடிவிட்டது.

மதுரை திரும்பியதும் பில் வந்தது. பேட்டா, டோல் எல்லாம் சரி. நான் கொடுத்த 200 மட்டும் கழிக்கப்படவில்லை. கேட்டதற்கு, "அது ரோட்டுல நடந்தது மேடம்" என்றார்கள். ஆணி ரோட்டில் குத்தியது, காற்றில்லாத ஸ்டெப்னி உங்கள் ஷெட்டிலிருந்து வந்தது என்று சொல்லி, 200ஐப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தேன்.