டிகோடரோடு வாங்குவதா, வாங்கி மாட்டுவதா: ஹெச்ஓ டீசல் இன்ஜின்கள்

மாடல் ரயில்களில் 1:87 அளவுக்கு ஹெச்ஓ என்று பெயர். அந்த அளவில் அமெரிக்க டீசல் இன்ஜின்கள் இப்போது பெரும்பாலும் இரண்டு வகையாக வருகின்றன. ஒன்றில் ஒலியோடு கூடிய டிசிசி டிகோடர், அதாவது தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சின்ன சர்க்யூட், உள்ளேயே இருக்கும். மற்றதில் டிகோடருக்கான சாக்கெட் மட்டும் இருக்கும். அட்லஸ் கம்பெனி முதலாவதை கோல்ட் என்றும் இரண்டாவதை சில்வர் என்றும் விற்கிறது. பல மாடல்களில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் 100 டாலரை ஒட்டியே இருக்கிறது. தனியாக லோக்சவுண்ட் 5 என்ற ஒலி டிகோடரும் ஸ்பீக்கரும் வாங்கினாலும் செலவு அதே அளவுதான். ஆகவே ஒலி வேண்டும் என்றால் பொருத்தி வந்ததையே வாங்குங்கள். அந்த இன்ஜினுக்குரிய ஒலிக்கோப்பு, காற்றுப் புகாத பெட்டியில் அடைத்த ஸ்பீக்கர், விளக்குகளின் அமைப்பு எல்லாமே தயாராக வந்துவிடும். நீங்களே செய்தால் ஸ்பீக்கர் பெட்டிக்கு இடம் தேடுவதிலேயே பாதி நாள் போகும். பெட்டி இல்லாமல் ஸ்பீக்கரை மட்டும் வைத்தால் ஒலி தகரம் போல் கேட்கும்.

ஒலி வேண்டாம் என்றால் கணக்கு அப்படியே மாறிவிடும். என்சிஇ டி13எஸ்ஆர் போன்ற சாதா டிகோடர் விலை குறைவு, ஹெச்ஓ இன்ஜினுக்குத் தாராளமாகப் போதும். ரயிலை இரண்டு மூன்று இன்ஜின்கள் சேர்ந்து இழுக்கும்போது எல்லாவற்றிலும் ஒலி தேவையில்லை. முன்னால் போவதை ஒலியோடு வாங்கி, பின்னால் வருபவற்றுக்குச் சாதா டிகோடர் மாட்டுவதுதான் என் கட்சி.

பெட்டியில் 'டிசிசி ரெடி' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். உள்ளே 8 பின் சாக்கெட் இருக்கலாம், 9 பின் ஜேஎஸ்டி இருக்கலாம், 21 பின் இருக்கலாம். சில பழைய மாடல்களில் சால்டர் செய்ய வேண்டிய இடங்கள் கொண்ட வெறும் போர்டுதான். எந்த சாக்கெட் என்று கடைக்காரரிடம் கேட்டு, அதற்கான டிகோடரையும் சேர்த்தே வாங்குங்கள். 21 பின்னில் 11-ஆம் பின் இருக்காது, டிகோடரிலும் அந்தத் துளை அடைபட்டிருக்கும். அந்த இரண்டையும் நேராக வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. 8 பின்னில் ஆரஞ்சு ஒயர்தான் 1-ஆம் பின். திருப்பிச் செருகினால் பெரும்பாலும் எதுவும் எரியாது, இன்ஜின் ஓடவும் செய்யும். ஆனால் விளக்கு எரியாது. அப்படி ஆனால் டிகோடர் பழுது என்று முடிவு கட்டாமல், முதலில் பிளக்கைத் திருப்பிப் பாருங்கள்.

பழைய போர்டுகளில் ஒயர்களைச் சின்ன கறுப்பு பிளாஸ்டிக் தொப்பிகள் பிடித்திருக்கும். நாளடைவில் அவை தளர்ந்து, இன்ஜின் விட்டு விட்டு ஓடும். ஷெல்லை, அதாவது இன்ஜினின் மேல்கூட்டை, கழற்றியதும் அவற்றை எடுத்துவிட்டு ஒயர்களைச் சால்டர் செய்வது நல்லது. பல்புகளையும் அப்போதே பாருங்கள். 1.5 வோல்ட் பல்பு டிகோடரின் வெளியீட்டில் நேரடியாக நின்றால் உடனே போய்விடும். 15 மில்லி ஆம்பியர் பல்புக்கு 820 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் போடலாம். எல்இடி என்றால் 1 கிலோ ஓம் போதும். டிகோடரின் நீல ஒயர் எல்இடியின் நேர்முனைக்குப் போகவேண்டும்.

சாக்கெட்டே இல்லாத, ஏதர்ன் கம்பெனியின் பழைய 'புளூ பாக்ஸ்' இன்ஜின்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அவற்றில் மோட்டாரின் அடிப்பக்க கிளிப் நேராக உலோகச் சட்டகத்தைத் தொட்டு, அதன் வழியாகவே மின்சாரம் எடுக்கும். அந்த நிலையில் டிகோடரை இணைத்தால் முதல் நொடியிலேயே செத்துவிடும். மேலே உள்ள நீளமான தகட்டைக் கழற்றி, மோட்டாரை ரப்பர் தாங்கிகளிலிருந்து தூக்கி எடுங்கள். அடி கிளிப்பின் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குகளை வெட்டி, அதில் சாம்பல் ஒயரையும் மேல் கிளிப்பில் ஆரஞ்சு ஒயரையும் சால்டர் செய்யுங்கள். சட்டகத்தில் மோட்டார் உட்காரும் இடத்தில் சூடு தாங்கும் கேப்டன் டேப் ஒட்டி மோட்டாரைத் திரும்ப வையுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் அதன் பசை உருகி வழியும். சிவப்பு ஒயர் வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடதுக்கு. டிகோடரை முழுவதும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் (சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) சுற்றாதீர்கள், சூடு வெளியேற வழி இருக்காது. இணைப்புகளை மட்டும் மூடினால் போதும்.

சிவப்பு, கறுப்பு ஒயர்களை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் மோட்டாரின் இரண்டு முனைகளையும் சட்டகத்தோடும் சக்கரங்களோடும் சோதியுங்கள். எங்குமே தொடர்பு காட்டக் கூடாது. இன்னொரு சோதனை, டிகோடர் வாங்குவதற்கு முன்பே செய்யவேண்டியது: 12 வோல்ட் டிசியில் அம்மீட்டரைத் தொடரில் வைத்து, மோட்டார் அச்சில் இருக்கும் கனமான உருளையை (ஃபிளைவீல்) விரலால் ஒரு நொடி பிடித்து நிறுத்திப் பாருங்கள். காட்டும் ஆம்பியர் டிகோடர் தாங்கும் அளவைத் தாண்டினால் அந்த மோட்டாருக்கு அந்த டிகோடர் ஆகாது. புதிய மோட்டார்கள் பெரும்பாலும் 1 ஆம்பியருக்குள் அடங்கும். பழைய புளூ பாக்ஸ் மோட்டார்கள் அதைத் தாண்டக்கூடும். மோட்டாரையே மாற்றவேண்டிய நிலை என்றால், மனதுக்கு நெருக்கமான இன்ஜினாக இருந்தாலொழிய அதில் காசு போடாதீர்கள்.

டிகோடர் மாட்டிய இன்ஜினை முதன்முதலில் புரோகிராமிங் டிராக்கில்தான், அதாவது டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தனிப் பாதையில்தான், வைக்கவேண்டும். அங்கே மின்னோட்டம் குறைவு என்பதால் ஒயரிங் தவறாக இருந்தாலும் டிகோடர் தப்பிக்கும். டிகோடரின் ஒவ்வொரு அமைப்பும் எண்ணிட்ட ஒரு சிவியில் இருக்கும். அங்கே சிவி8 படிக்கக் கிடைத்தால் ஒயரிங் சரி என்று நம்பலாம். புது டிகோடரின் முகவரி 3. அதை மாற்றாமல் விட்டால் அடுத்த புது இன்ஜினும் அதே கட்டளைக்குச் சேர்ந்து ஓடும். இன்ஜின் எதிர்த்திசையில் போனால் சிவி29-இன் மதிப்பில் 1 கூட்டுங்கள், சால்டரைத் தொடவேண்டியதில்லை. சில ஒலி டிகோடர்கள் பலவீனமான புரோகிராமிங் டிராக்கில் பதில் தராது. அப்போது முகவரி தெரிந்தால் பிரதான பாதையிலேயே சிவிகளை எழுதலாம்.

பொருத்தி வரும் இன்ஜின்களும் குறையில்லாதவை அல்ல. வழியில் அதிர்ந்து டிகோடர் சாக்கெட்டிலிருந்து லேசாக எழும்பியிருக்கும், அல்லது ஷெல்லின் ஓரத்தில் ஒயர் நசுங்கியிருக்கும். ஒலியும் பெரும்பாலும் வீட்டுக்கு அதிகம். லோக்சவுண்ட் 5-இல் மொத்த ஒலியளவு சிவி63, உச்சம் 192. வீட்டு அறைக்கு 60 முதல் 80 வரை இதமாக இருக்கும். மெதுவாக ஓடும்போது இழுத்து இழுத்துப் போனால் சிவி54-இல் 0 எழுதி, நீளமான நேர்ப் பாதையில் வைத்து கன்ட்ரோலரில் எஃப்1 பொத்தானை அழுத்துங்கள். இன்ஜின் திடீரென முழு வேகத்தில் பாய்ந்து, மோட்டாரின் குணத்தைத் தானே அளந்துகொள்ளும். எதிரில் பெட்டிகளோ மேசையின் விளிம்போ இருக்கக் கூடாது. வாங்கிய வாரத்திலேயே இருபுறமும் அரை மணி நேரம் ஓட்டி, எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். அப்போது குறை தெரிந்தால் ஷெல்லைக் கழற்றாமல் அப்படியே கடைக்குத் திருப்பி அனுப்பலாம்.