ஜாங்கோவின் கியூ: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சில கிளைகள் கொண்ட ஒரு நூலகத்தின் மென்பொருளை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பைத்தான் மொழி, அதில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ, தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ். தேடல் பக்கத்தில் ஒருவர் ஆசிரியர் பெயரை மட்டும் தருவார்; இன்னொருவர் நான்கு துறைகளையும் இரண்டு கிளைகளையும் டிக் செய்வார். இப்படி எண்ணிக்கை தெரியாமல் வரும் நிபந்தனைகளைக் கோக்க, ஜாங்கோவில் ஒரு தேடல் நிபந்தனையைத் தனிப் பொருளாக எழுத உதவும் கியூ (Q) அளவுக்கு எனக்குக் கைகொடுத்தது வேறில்லை. ஒவ்வொன்றையும் தனித் துண்டாக எழுதி, 'அல்லது' என்றால் செங்குத்துக் கோடும் (|), 'மேலும்' என்றால் ஆம்பர்சாண்டும் (&) போட்டு இணைத்துக்கொண்டே போகலாம். அங்கே பைத்தானின் 'ஆண்ட்' (and) என்ற சொல்லை எழுதிவிடாதீர்கள். பிழைச்செய்தி வராது, முதல் நிபந்தனை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

என்னை உலுக்கியது ஒரு காலிப் பட்டியல்தான். தவணை கடந்தவர்களுக்கு இரவில் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் நிரலில் அது நடந்தது. காலியான ஒரு கியூவில் தொடங்கி, அன்றைய கிளைகளை ஒவ்வொன்றாக 'அல்லது' போட்டுச் சேர்த்திருந்தேன். ஒரு விடுமுறை நாளில் பட்டியலில் ஒரு கிளையும் இல்லை. காலியான கியூவுக்கு 'நிபந்தனையே இல்லை' என்று பொருள். எல்லாக் கிளைகளின் உறுப்பினர்களுக்கும் அஞ்சல் போய்விட்டது. அதே பட்டியலை, மதிப்பு அதில் இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்' (in) நிபந்தனைக்குள் கொடுத்திருந்தால் நேர்மாறாக நடந்திருக்கும்: காலிப் பட்டியல் என்றால் ஒருவரும் இல்லை. ஜாங்கோ தரவுத்தளத்தைக் கேட்கக்கூடப் போகாது. நீக்கும் வேலையில் இந்தத் தவறு நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு தூங்கவில்லை. இப்போது ஒரே புலத்துக்குப் பல மதிப்புகள் என்றால் 'இன்' மட்டுமே எழுதுகிறேன்.

இன்னொன்று, நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளை வடிகட்டித் தரும் ஃபில்டரை ஒரே அழைப்பாக எழுதுவதா, இரண்டாகப் பிரிப்பதா என்பது. 2023இல் இரவல் போய் இன்னும் திரும்பாத நூல்களைக் கேட்டார்கள். ஆண்டை ஒரு ஃபில்டரிலும் திரும்பாததை அடுத்ததிலும் எழுதினேன். 2023இல் போய்த் திரும்பி வந்து, சென்ற வாரம் வேறொருவர் எடுத்துப்போன நூலும் பட்டியலில் ஏறியது. இரண்டு நிபந்தனைகளும் வெவ்வேறு இரவல் பதிவுகளில் நிறைவேறினாலே போதும் என்றாகிவிட்டது. இரண்டையும் ஒரே ஃபில்டருக்குள் வைத்தபோதுதான் ஒரே பதிவைப் பார்த்தது. இதை ஜாங்கோவின் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் இரவல் அட்டவணையைத் தொடும் எந்த வினவலையும் அது உருவாக்கும் எஸ்கியூஎல்லை (தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளையை) அச்சிட்டுப் படிக்காமல் நான் அனுப்புவதில்லை.