பழகாத விமானத்தில் நெடுந்தூரம்: நீலகிரியிலிருந்து புறப்படுபவர்களுக்கு எது பொருந்தும்?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் பிள்ளைகளை லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ அனுப்பிவிட்டு, அவர்களைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் இப்போது அதிகம். டிக்கெட் தேடும்போது பல ஆயிரம் ரூபாய் குறைவாக ஒரு விமானம் கண்ணில் படும். அதன் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள், டிக்கெட்டைப் பாருங்கள். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 1945இல் தொடங்கப்பட்ட நிறுவனம். லுப்தான்சாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் 2011இல் சேர்ந்தது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014இல், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இருக்கும் ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேர்ந்தது. நமக்குப் பழக்கமில்லை என்பதற்காக இவற்றைத் தரம் குறைந்தவை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. வீட்டிலிருந்து போய்ச் சேரும் ஊர் வரை பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா? மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தாலும் சமாளிக்கும் அளவுக்கு முதல் கட்டத்தில் நேரம் இருக்கிறதா? லண்டன் பயணத்தை வைத்தே பார்க்கலாம்.

கோவையிலேயே ஏறுவது

நமக்கு மிக அருகில் இருப்பது கோவையின் பீளமேடு விமான நிலையம். அங்கிருந்து ஏர் அரேபியா ஷார்ஜாவுக்கும், இண்டிகோ அபுதாபிக்கும், ஸ்கூட் சிங்கப்பூருக்கும் பறக்கின்றன. மலையிறங்கி மூன்று மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்கலாம் என்பது பெரிய ஈர்ப்பு. ஏர் அரேபியாவும் ஸ்கூட்டும் மலிவுக் கட்டண நிறுவனங்கள். அடிப்படைக் கட்டணம் இருக்கைக்கு மட்டும். பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அது தெரிந்து ஏறினால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஷார்ஜா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் லண்டனுக்கு இன்னொரு டிக்கெட் என்று சேர்த்து எடுத்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தக் கடமையும் இல்லை. நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியையும் இடையில் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைய அனுமதி வேண்டும். அடுத்த விமானம் துபாயிலிருந்து என்றால் ஷார்ஜாவிலிருந்து சாலை வழியாக இன்னொரு விமான நிலையத்துக்குப் போக வேண்டும். முதல்முறை வெளிநாடு போகும் அறுபது வயதுப் பெற்றோரை இப்படி அனுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மிச்சமாகும் பணம் இந்த அலைச்சலுக்கு ஈடாகாது.

ஆஸ்திரேலியா போகிறவர்களுக்குக் கதை வேறு. ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். கோவையிலிருந்து சிங்கப்பூர் வரை ஸ்கூட், அங்கிருந்து மெல்போர்ன் வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று ஒரே டிக்கெட்டாக வாங்கினால் பெட்டி கோவையில் போட்டது மெல்போர்னில் வந்து சேரும். நீலகிரிக்காரர்களுக்கு இதைவிட வசதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கொச்சியா, பெங்களூரா?

எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் மூன்றும் கோவைக்கு வருவதில்லை. கொச்சி, பெங்களூரு, சென்னைக்கு வருகின்றன. ஊட்டியில் பலர் பழக்கத்தால் பெங்களூரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதுமலை தாண்டிப் பந்திப்பூர்க் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. நாம் தெற்கிலிருந்து வந்து ஊர் முழுவதையும் கடக்க வேண்டும். அதிகாலை விமானம் என்றால் முந்தைய நாள் பகலிலேயே கிளம்பிவிட வேண்டும். பாலக்காடு வழியாகக் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்குப் போவதில் இந்தத் தடை இல்லை, கோவையிலிருந்து நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கொச்சிதான் நல்லது என்பேன்.

வளைகுடா நிறுவனங்களின் உண்மையான பலம் திரையோ சாப்பாடோ இல்லை. லண்டனுக்கு ஒரே நாளில் பல விமானங்கள் விடுகிறார்கள். ஒன்று தவறினால் அடுத்ததில் ஏற்றிவிட முடிகிறது. 2025 ஜூன் மாதம் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது ஏராளமானோர் வழியில் மாட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரே டிக்கெட் வைத்திருப்பவருக்கு மாற்று விமானம் தேடித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவர் தானே தேட வேண்டும்.

கொழும்பும் அடிஸ் அபாபாவும்

பெரியவர்கள் மட்டும் தனியாகப் போகிறார்கள் என்றால் ஸ்ரீலங்கனை நான் மனதார ஆதரிக்கிறேன். திருச்சி, மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் உண்டு. கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை கைக்கெட்டும் தூரம். அறிவிப்புகள் தமிழிலும் வரும். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் துபாய் போல மைல் கணக்கில் நடக்க வைக்காது. லண்டன் வழித்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ330இல் ஜன்னல் ஓரம் இரண்டு இரண்டு இருக்கைகள்தான். கணவனும் மனைவியும் மூன்றாவது ஆளை எழுப்பாமல் எழுந்து போய் வரலாம். எமிரேட்ஸின் போயிங் 777இல் ஜன்னல் பக்கம் மூன்று, நடுவில் நான்கு என்று ஒரு வரிசைக்குப் பத்துப் பேர். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது நள்ளிரவில் கழிவறைக்குப் போக எழும்போது தெரியும். குறை என்றால் நிறுவனம் சிறியது, விமானங்கள் குறைவு. ஒன்று பழுதானால் மாற்று விமானம் கிடைக்க நேரமாகும்.

எத்தியோப்பியன் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பறக்கிறது. கட்டணம் பல நேரங்களில் குறைவு. சாதாரண வகுப்பில் 23 கிலோ பெட்டிகள் இரண்டு கொடுக்கிறார்கள். இடையில் விமானம் மாறும் அடிஸ் அபாபா விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அதாவது ஊட்டியைவிடச் சற்று உயரம்! குளிர் நமக்குப் புதிதில்லை என்றாலும் கைப்பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். லண்டனுக்கு இது சுற்றுவழி. நேர் மேற்கே ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். நைரோபி, அக்ரா போகிறவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. லண்டனுக்கு இளைஞர்கள் போகலாம், பெரியவர்களுக்கு வேண்டாம்.

நேரடி விமானம்

கோவையிலிருந்து சென்னைக்கு வந்து, பிரிட்டிஷ் ஏர்வேஸில் நேராக லண்டன். ஏறத்தாழ பதினோரு மணி நேரம். விலை கூடுதல்தான். ஆனால் சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கு இடையில் இறங்கி ஏறும் வேலை இல்லாததே பாதி நிம்மதி. இன்னொரு காரணமும் உண்டு, பலருக்கும் தெரியாதது. பிரிட்டன் சட்டப்படி, நிறுவனத்தின் தவறால் மிகத் தாமதமானால் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 520 பவுண்டு வரை இழப்பீடு கேட்கலாம். பிரிட்டன் நிறுவனம் என்றால் போகும்போதும் வரும்போதும் இந்த உரிமை உண்டு. வளைகுடா, இலங்கை, எத்தியோப்பிய நிறுவனங்களில் லண்டனிலிருந்து திரும்பும்போது மட்டுமே உண்டு.

எதில் ஏறினாலும்

விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதைவிடக் குறையக் கூடாது என்பது விதி. ஊட்டி 7,350 அடி, தொட்டபெட்டா 8,650 அடி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அது 6,000 அடி அளவிலேயே நிற்கிறது. ஏறத்தாழ குன்னூர் உயரம். மலையில் வாழ்ந்த உடம்புக்கு இந்த உயரம் பொருட்டில்லை. நம்மை வருத்துவது வறட்சி. விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூடுபனியில் பழகிய மூக்கும் தொண்டையும் எரியத் தொடங்கும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கக் கூச்சப்படக் கூடாது.

சைவச் சாப்பாட்டைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். நம் ருசிக்கு நெருங்கியது ஏ.வி.எம்.எல் (ஆசிய சைவ உணவு) என்ற குறியீடு. இந்து உணவு என்று பதிவு செய்தால் பெரும்பாலும் இறைச்சியோடுதான் வரும், மாட்டிறைச்சி மட்டும் இருக்காது. நீலகிரித் தைலம் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. எளிதில் தீப்பற்றும் என்பதால் பெரிய புட்டிகளைப் பெட்டியிலும் அடுக்காதீர்கள். வர்க்கி, தேயிலை, சாக்லேட் எதுவானாலும் ஆஸ்திரேலியாவில் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர்–மேட்டுப்பாளையம் பர்லியார் சாலையில் மண் சரியும். அந்த மாதங்களில் இரவு விமானத்துக்குக்கூடக் காலையிலேயே இறங்கிவிடுங்கள். கோத்தகிரி வழியாகச் சுற்ற நேர்ந்தாலும் பதற்றம் இருக்காது.

திரும்பி வரும்போது, டிக்கெட் கோவை வரை இருந்தாலும் சென்னையில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டி வரவில்லையென்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்குங்கள். 2009இல் இந்தியா ஏற்ற மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். படிவத்தில் மலை முகவரியோடு, வீட்டில் சிக்னல் தவறாமல் கிடைக்கும் எண்ணையும் கொடுங்கள்.