உபின், எண்டாவ்-ரொம்பின், பெரா, கென்யீர்: கூடாரம் அடிக்க எந்தக் கரை?

சிங்கப்பூரின் நடுவில் காடும் நீரும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், அப்பர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்திருக்கும் வனப்பகுதியில் பகலெல்லாம் நடக்கலாம். ஆனால் மாலை ஏழு மணிக்குமேல் அங்கே இருக்க முடியாது. கூடாரம் அடிக்க அனுமதியுள்ள பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட் போன்ற பூங்காக்களில் கடலும் புல்வெளியும் உண்டே தவிர, அடர்ந்த காடும் ஏரியும் இல்லை. எனவே காட்டோரத்தில், நீர்நிலைக்கு அருகே சில இரவுகளைக் கழிக்க விரும்பும் இங்குள்ள குடும்பங்கள் அடிக்கடி பேசும் நான்கு இடங்களை இங்கு ஒப்பிடுகிறேன்: நம் எல்லைக்குள்ளேயே இருக்கும் புலாவ் உபின், ஜோகூரின் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா, பகாங்கின் பெரா ஏரி, திரங்கானுவின் கென்யீர் ஏரி.

இவற்றைப் பெரும்பாலோர் தொலைவையும் செலவையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். என் பார்வையில் முதலில் கேட்கவேண்டியது வேறு: அந்த இடத்துத் தண்ணீரோடு உங்களுக்கு என்ன உறவு வேண்டும்? பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா, இறங்கிக் குளிக்க வேண்டுமா, படகில் போக வேண்டுமா, தூண்டில் போட வேண்டுமா? இருட்டிய பிறகு நான்கு இடத்துக் காடும், கூடாரத்துக்குள் படுத்திருப்பவருக்கு, சில்வண்டின் ஒலியும் ஈரத்தின் வாசனையும்தான். நீர் அப்படியன்று. நான்கு இடங்களிலும் அதன் இயல்பு முற்றிலும் வேறு; அதற்குள் இறங்கலாமா என்பதும், அது எப்போது ஆபத்தாக மாறும் என்பதும் வேறு.

உபினில் நீர் பார்ப்பதற்கு மட்டுமே. ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவில் பல தலைமுறைகளாகக் கருங்கல் வெட்டியெடுத்தார்கள். 1999இல் கடைசிக் கல்லுடைப்புத்தளமும் மூடப்பட்ட பின், வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. பெக்கான் ஏரியின் நடுவிலுள்ள மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. அவற்றைப் பார்வைமேடையில் நின்று பார்க்கலாம். கரைகள் செங்குத்தாக இறங்குவதாலும் ஆழம் மிகுதி என்பதாலும் வேலி போட்டிருக்கிறார்கள். நீருக்குள் இறங்க அனுமதி இல்லை. முகாமிடும் இடங்களோ ஏரிக்கரையில் இல்லை, கடற்கரையில் இருக்கின்றன. ஜெலுத்தோங் முகாம், உபின் படகுத்துறையிலிருந்து நடந்தே போகும் தொலைவு; மாமாம் முகாம், தீவின் வடகரையில் ஜோகூரைப் பார்த்தபடி இருக்கிறது. என் தெரிவு மாமாம்தான், ஆள் நடமாட்டம் குறைவு என்பதால். ஒரே தொல்லை, அங்கே கைப்பேசி சத்தமில்லாமல் ஜோகூர்க் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு இணைப்பை முன்கூட்டியே அணைத்துவிடுவது நல்லது.

சாங்கி முனையிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்தால் புறப்படும் படகு, ஆளுக்குச் சில வெள்ளி கட்டணம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே வீடு திரும்பிவிடலாம் என்ற நிம்மதி: முதன்முறை கூடாரத்தில் தூங்கப்போகும் குடும்பத்துக்கு உபினை மிஞ்சிய இடம் இல்லை. ஆனால் தீவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதில்லை, கிணற்று நீர்தான். எனவே குடிநீரைச் சுமந்துகொண்டே போக வேண்டும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் காட்டுப்பன்றியும் குரங்கும் தேடி வரும். ஜூன் மாதத்தில் போகிறவர்கள் சுமத்ரா சூறைக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் வந்து சேரும் இந்தக் காற்று, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. திறந்த கடற்கரையில் முளையைச் சரியாக அடிக்காத கூடாரம் அதில் நிற்காது. தேசிய சேவையில் கற்ற முடிச்சுகளை அப்பாக்கள் மறந்துவிட்டார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எண்டாவ்-ரொம்பின் வேறு உலகம். ஜோகூருக்கும் பகாங்குக்கும் இடையிலுள்ள இந்தக் காட்டில் 1977இல் பகாங் மாநில அரசு மரம் வெட்ட அனுமதி அளித்தபோது மலேசியா முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 1985-86இல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணம் அதன் உயிர்வளத்தைப் பதிவு செய்தது. 1993இல் ஜோகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது. அந்தப் பெயரை ஊர் நினைவில் வைத்திருப்பது புலிக்காகவும் யானைக்காகவும்தான் என்றாலும், அங்கு போகிறவர்கள் உண்மையில் காண்பது ஆற்றையும் அட்டையையும். யானையின் சாணத்தையும் கால்தடத்தையும் பார்க்கலாம். யானையைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கிழக்கு வாயிலான பெத்தா கிராமத்துக்குக் குளுவாங்கிலிருந்து மெர்சிங் சாலையில் உள்ள காஹாங் ஊர் வழியாகப் போக வேண்டும். காஹாங்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் மண்பாதை. அந்த வட்டாரத் தோட்டப்புறங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள் என்பதால், போகும் வழி நமக்கு வெறும் வழியாக மட்டும் இராது; குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடையில் ஒருமுறை நிறுத்திவிட்டுப் போகும் பழக்கமும் பலருக்கு உண்டு. ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஓட்டிவரும் சாதாரணக் காரில் பெத்தா வரை போக எண்ணாதீர்கள். காஹாங்கில் காரை விட்டுவிட்டு நான்கு சக்கர உந்து வண்டிக்கு (4WD) முன்கூட்டியே ஏற்பாடு செய்வதே முறை. பெத்தாவிலிருந்து ஆற்று வழியே, ஜாசின் ஆறு எண்டாவ் ஆற்றோடு கூடும் குவாலா ஜாசின் முகாமுக்குப் போக வேண்டும், அங்கிருந்து நடை. வழிகாட்டி கட்டாயம், பெரும்பாலும் அந்த ஊரின் ஜாக்குன் பழங்குடி (ஓராங் அஸ்லி) மக்களே வழிகாட்டுகிறார்கள். இதைச் செலவாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பயணத்தின் மிகப் பயனுள்ள பகுதியே அதுதான். எந்தக் கொடியில் நீர் இருக்கிறது, எந்தப் பாறை வழுக்கும் என்பதைப் பாதைப் பலகைகள் சொல்வதில்லை.

இங்கே நீர் இறங்குவதற்காக இருக்கிறது. உபே குலிங் அருவியில் பாறைமீது வட்டவட்டக் குழிகள் தொட்டிகளைப்போல அமைந்திருக்கின்றன. வெள்ளச் சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சுழன்று அரைத்ததால் உண்டானவை அவை. தாசிக் ஆயர் பீரு என்னும் நீலநீர்க் குளத்தில் குளிப்பதற்காகவே பலர் போகிறார்கள். இன்னும் உள்ளே, ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள புவாயா சங்குட் அருவி இருக்கிறது. ஒரு முழுநாள் நடைக்குத் தயாராக இல்லாதவர்கள் அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஜானிங் மலையில், எண்டாவின் பெயரையே அறிவியற்பெயரில் தாங்கிய விசிறிப்பனைகள் மலைச்சரிவெங்கும் நிற்கின்றன. நான்கு இடங்களில் வேறெங்கும் அப்படியொரு காட்சி இல்லை.

ஆற்றோர முகாமுக்கு உரிய ஆபத்து ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மேலே மலையில் மழை பெய்தால், முகாமில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் நீர்ப்பெருக்கு சட்டென்று வந்துவிடும். மலேசியர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். நீர் திடீரெனக் கலங்குவதும் சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் அதற்கு முன்னறிகுறி. வழிகாட்டி கரையேறச் சொன்னால் இன்னும் ஐந்து நிமிடம் என்று பேரம் பேசக் கூடாது. கூடாரத்தையும் மணல்திட்டில் அடிக்காமல், உயர்ந்த இடத்தில், பட்டுப்போன மரக்கிளை எதுவும் தலைக்குமேல் இல்லாத இடமாகப் பார்த்து அடிக்க வேண்டும். ஆற்றில் குளித்து வந்த சில நாள்களில் கடுங்காய்ச்சல் கண்டால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அட்டைக்கு நீள்காலுறையும் சிறிது உப்பும் போதும்; அதைப் பற்றிய பயம்தான் கடியைவிடப் பெரியது.

எண்டாவ்-ரொம்பினைத் தீர்மானிப்பது தொலைவல்ல, நாள்காட்டி. நம் பள்ளிகளின் நீண்ட விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய; வடகிழக்குப் பருவமழை தீபகற்பத்தின் கிழக்குப் பகுதியைத் தாக்குவதும் அப்போதுதான், பூங்கா மூடப்படுவதும் அப்போதுதான். ஆறு வாரம் கையில் இருக்கிறது என்று நம்பித் திட்டமிடும் குடும்பங்கள் கடைசியில் ஏமாறுவது இதனால்தான். மார்ச் மாத ஒரு வார விடுமுறையும் ஜூன் விடுமுறையும் சரியான காலம். என்னைக் கேட்டால் ஜூனையே சொல்வேன். மார்ச்சில் பாதைகள் மழையின் பாதிப்பிலிருந்து முழுதாக மீண்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உபினுக்கோ நேர்மாறு: பிப்ரவரிதான் சிங்கப்பூரில் சராசரியாக மழை மிகக் குறைந்த மாதம், ஆகையால் பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் அங்கே மிகச் சிறந்தவை.

எல்லை தாண்டும் மூன்று தெரிவுகளுக்கும் பொதுவான சுமை ஒன்று உண்டு. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட காருக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை முதல் நாளிலிருந்து அது இல்லாத வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. இங்கிருந்து புறப்படும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியும் அப்படியே இருக்கிறது. விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நிற்பவர்கள் கூடாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் சோதனைச்சாவடியிலேயே இருப்பார்கள். விடியலுக்கு முன் புறப்படுவதும், மேற்கே வசிப்பவர்கள் துவாஸ் வழியைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது.

பெரா ஏரி, தமிழர்களிடையே இந்த நான்கில் மிகக் குறைவாகப் பேசப்படுவது, அது நியாயமன்று. 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட இது, ஒரே பரந்த ஏரியாக இல்லாமல், நன்னீர்ச் சதுப்பும் தாழைப் புதர்களும் குறுகிய கால்வாய்களுமாகப் பின்னிக் கிடக்கிறது. அழுகிய இலைகளின் சாயம் ஊறி நீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அது அசுத்தம் அல்ல, சதுப்பின் இயல்பு. இங்கே நீர் படகுக்கானது, குளிப்பதற்கானதன்று. ஒடுங்கிய மூக்குடைய ஒருவகை முதலையினம் வாழும் ஏரி என்பதை மறக்க வேண்டாம். கரையோரத்தில் வாழும் செமெலாய் பழங்குடி மக்களில் ஒருவரைப் படகோட்டியாக வைத்துக்கொண்டு தாழைக்கால்வாய்களுக்குள் காலையில் போவதே இங்கு வரக் காரணம். தார்ச்சாலை ஏரி வரை போவதால் சொந்தக் காரே போதும், நான்கு சக்கர உந்து வண்டிக்காக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. குதித்து விளையாட வேண்டும் என்னும் பதின்ம வயதினருக்கு இந்த இடம் சலித்துவிடும். பறவை பார்ப்பவர்களுக்கும், நெடுந்தூரம் நடக்க முடியாத தாத்தா பாட்டியை அழைத்துச் செல்பவர்களுக்கும் எண்டாவ்-ரொம்பினைவிட இதுவே மேல் என்பேன்.

கென்யீரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1985இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவான இந்த மாபெரும் ஏரியில் முன்னாள் குன்றுகளின் உச்சிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாக நிற்கின்றன. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நீருக்குமேல் இன்னும் தலைநீட்டுகின்றன. காட்சிக்கு நான்கிலும் இதுவே முதல். ஆனால் சிங்கப்பூரிலிருந்து நாள் முழுவதும் கார் ஓட்ட வேண்டும், அதன்பின் எங்கே போவதென்றாலும் படகு வாடகை. அந்தச் செலவையும் பயணத்தையும் ஏற்றுக்கொண்டவர்கள் கூடாரத்தில் படுப்பதைவிட, பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து படகுவீட்டை அமர்த்திக்கொள்வதே அறிவுடைமை; தூண்டில் போடுகிறவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். கூடாரத்தோடு மட்டும் போக விரும்புகிறவர்களுக்கு, இவ்வளவு தூரம் போய்ப் பெறுவது பெராவில் கிடைப்பதைவிடப் பெரிதாக இராது. பருவமழைக் கட்டுப்பாடு கென்யீருக்கும் பொருந்தும், அதுவும் கிழக்குக்கரை மாநிலத்தில் இருப்பதால்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உபினில் ஊருக்குள் கடைகள் இருக்கின்றன. பெராவுக்கும் கென்யீருக்கும் போகும் வழியில் ஊர்கள் உண்டு. எண்டாவ்-ரொம்பினில் காஹாங்கைத் தாண்டிவிட்டால் கையில் இருப்பதுதான் உணவு. முதல் நாள் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும்; தேங்காய் சேர்த்த எதுவும் அந்த வெக்கையில் மாலைக்குள் ஊசிப்போகும். மறுநாளிலிருந்து பொங்கிச் சாப்பிட அரிசி, பருப்பு, நெத்திலிக் கருவாடு, மழையில் நனையாதபடி கட்டிய சிறு எரிவாயு அடுப்பு ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். காட்டில் ஈர விறகை நம்பி அரிசியை ஊறவைத்துவிடாதீர்கள்.

இந்த ஆண்டு முதன்முறையாகப் போகும் குடும்பம், மார்ச்சில் உபினில் ஓர் இரவு தங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் காலையில் எழுந்து மீண்டும் எப்போது என்று கேட்டால் ஜூனுக்கு எண்டாவ்-ரொம்பினில் வழிகாட்டியையும் காஹாங் வண்டியையும் பதிவுசெய்யலாம். கேட்காவிட்டால் பெராவில், கூரையுள்ள விடுதி அறை எடுத்துக்கொண்டு படகில் மட்டும் போய் வரலாம்.