கடல் தாண்டிய வகுப்பறையோடு இணையவழிப் பரிமாற்றம்: சில கல்வியாண்டுகளின் அனுபவம்

வேறொரு நாட்டுத் தொடக்கப் பள்ளியோடு இணையத்தில் பரிமாற்றம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வீடியோ அழைப்புதான். என் வகுப்போடு இதைச் சில கல்வியாண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்தத் திட்டத்தில் மிகக் குறைவாகப் பயன் தருவது அந்த அழைப்புதான் என்பது என் முடிவு.

வகுப்பு முழுவதற்கும் ஒரே மைக். துணிச்சலான நாலைந்து பிள்ளைகள் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நேர வித்தியாசம் அதிகமென்றால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாடவேளையும் மறுபக்கத்தின் முதல் பாடவேளையும்தான் ஒத்துவரும். போதாக்குறைக்கு, ஐரோப்பாவும் அமெரிக்காவும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவது வெவ்வேறு வாரங்களில். மார்ச்சில் குறித்த நேரம் சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும்.

அழைப்பு களைகட்டியது விளையாட்டு வைத்தபோது மட்டுமே. 'மிஸ்டரி ஸ்கைப்' என்று பல பள்ளிகளில் பரவிய ஆட்டம் அது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்டு எதிர் வகுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கா, கடலோரமா என்று ஒரு குழு கேட்க, இன்னொரு குழு வரைபடத்தில் பொருந்தாத இடங்களை அடித்துக்கொண்டே வரும். ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. ஆட்டத்துக்கு அது தேவையுமில்லை, எந்தச் செயலியும் போதும்.

உண்மையான பரிமாற்றம் நடந்தது குரல்பதிவிலும் படத்திலும், பேட்லெட் என்ற இணையப் பலகையில் ஒட்டிய துண்டுக் குறிப்புகளிலும்தான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை மூன்று முறை அழித்துவிட்டு நாலாவது முறை பதிவு செய்வதை நேரலையில் பார்க்க முடியாது.

அப்புறம், என்ன கேட்பது? கொடி, உடை, பண்டிகை என்று சுவரொட்டி மாற்றிக்கொள்வதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். 'அவர்கள் இப்படித்தான்' என்ற ஒற்றை வரியைத் தவிர பிள்ளைகள் மனதில் ஒன்றும் நிற்காது. எங்களுக்குக் கைகொடுத்த கேள்வி, 'இடைவேளையில் என்ன விளையாடுவீர்கள்?' தரையில் கட்டம் போட்டு நொண்டியடிக்கும் ஆட்டம் இரண்டு பக்கமும் இருந்தது. கட்டங்களின் அமைப்பு மட்டும் வேறு. கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சா, இன்னொரு வாய்ப்பு உண்டா? எங்கள் விதியை எழுதி அனுப்ப உட்கார்ந்தால் வகுப்புக்குள்ளேயே சண்டை, தெருவுக்குத் தெரு விதி வேறு! 'நாங்கள் எல்லோரும் இப்படி' என்று எழுத முடியாதென்று அன்றைக்குப் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். எதிர் வகுப்பிலும் அதே தகராறு நடந்ததாக அந்த ஆசிரியர் எழுதியிருந்தார். பண்பாட்டுப் பாடம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1988இல் தொடங்கிய ஐஎர்ன் பல நாடுகளை இணைக்கிறது. 2005இல் வந்த ஈட்வின்னிங் ஐரோப்பாவையும் அண்டை நாடுகளையும் மையமாகக் கொண்டது. எதில் சேர்ந்தாலும் பதிவுகளின் நகல் உங்களிடம் இருக்கட்டும். பிள்ளைகள் குறு வீடியோ பதிவிட ஆசிரியர்கள் பெரிதும் நம்பியிருந்த ஃபிளிப் செயலியை மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கியது. 2024இல் அது தனிச் செயலியாக இல்லாமல் போனது. பல சேவைகளில் 13 வயதுக்குக் கீழே சொந்தக் கணக்கு கிடையாது, அதனால் எல்லாம் ஆசிரியர் கணக்கில்தான். பெற்றோர் ஒப்புதலை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். முழுப்பெயரும் முகவரியும் எங்கும் வேண்டாம்.

தளத்தைவிடப் பெரிய விஷயம் எதிர்ப்பக்க ஆசிரியர். அவர் மாற்றலாகிப் போனால் திட்டமும் போய்விடும், எனக்கு நடந்திருக்கிறது. கல்வியாண்டும் இடிக்கும்: ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில் வகுப்பு தொடங்குகிறது, ஐரோப்பாவில் பெரும்பாலும் செப்டம்பரில். அதனால் ஆண்டு முழுக்க என்று திட்டம் போடாமல், இரண்டு பக்கமும் பள்ளி நடக்கும் ஆறேழு வாரங்களை முதலில் பார்த்து வைத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு பதிவு, ஒரு பதில். நேரம் மிஞ்சினால் கடைசி வாரத்தில் அந்த வீடியோ அழைப்பு.