மேற்குப் பார்த்த கடைக்கு எந்த சன் ஃபிலிம்?

காட்பாடி காந்தி நகரில் இருக்கும் எங்கள் புடவைக் கடை மேற்குப் பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு ஷோகேஸுக்குள் நுழையும் வெயில் ஆறு மணி வரை நகராது. ஐந்து வருடங்களுக்கு முன் பொம்மைக்குக் கட்டியிருந்த ஆரணிப் பட்டு ஒன்றை ஓர் அம்மா கேட்டார். இறக்கிக் கொசுவத்தைப் பிரித்தால், மடிப்புக்குள் நல்ல அரக்கு, வெயில் பட்ட பக்கம் வெளிறிய செங்கல் நிறம். புடவை முழுக்கக் கோடு போட்டதுபோல மாறி மாறி இருந்தது. ஷோகேஸ் கண்ணாடியில் வெயிலைத் தடுக்கும் சன் ஃபிலிம் ஒட்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது அன்றுதான்.

சன்ஷேடு போதாதா என்று கேட்பார்கள். வேலூர் வட்டாரத்தில் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதைச் சன்ஷேடு தடுக்கும். நான்கு மணி வெயில் சாய்ந்து அடியில் நுழைந்துவிடும். பச்சை வலை கட்டினால் ஷோகேஸே தெரியாது. கடைக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டினால் போலீஸ் பிடிக்குமா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது வாகனக் கண்ணாடிகளுக்கு. கடைக்கு அது பொருந்தாது.

ஃபிலிம் கடைக்காரர்கள் காட்டுவது பெரும்பாலும் மூன்று வகை: சாயம் ஏற்றிய கறுப்பு ஃபிலிம், கண்ணாடி மாதிரி மின்னும் மிரர் ஃபிலிம், வெளிச்சத்தை விட்டு வெப்பத்தைத் தடுக்கும் செராமிக் ஃபிலிம். புற ஊதாக் கதிரை நல்ல ஃபிலிம் எல்லாமே 99 சதவீதம் தடுக்கும். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் துணி வெளிறுவதில் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. எந்த ஃபிலிம் ஒட்டினாலும் பொம்மைப் புடவையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வெப்பத்தை மட்டும் பார்த்தால் மிரர் ஃபிலிம்தான் முதலிடம். அடர்த்தியான மிரர் தடுக்கும் அளவுக்கு, வெளிச்சத்தை உள்ளே விடும் செராமிக் தடுக்காது. பக்கத்துக் கடையில் மிரர்தான் ஒட்டினார்கள், உள்ளே நன்றாகவே குளுகுளுவென்று இருந்தது. ஆனால் பகலில் வெளியிலிருந்து பார்த்தால் ரோடும் ஆட்டோவும்தான் தெரியும். வாசலில் நின்றுகொண்டே "இன்னிக்கு கடை லீவாண்ணா?" என்று போனில் கேட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. இரவில் விளக்குப் போட்டதும் நிலைமை தலைகீழ்: வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். ஆபீஸுக்கும் கிளினிக்குக்கும் சரி. புடவையைக் காட்டி விற்கிற கடைக்கு ஆகாது.

நான் முதலில் ஒட்டியது சாய ஃபிலிம், விலைக்காக. இரண்டு கண்ணாடி சேர்த்து 96 சதுர அடி. சதுர அடிக்கு 45 ரூபாய் என்றார்கள், 4,320 ரூபாயில் வேலை முடிந்தது. முதல் கோடை பரவாயில்லை. ஆனால் சாயம் வெயிலைத் திருப்பி அனுப்பாது, குடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் கண்ணாடியில் உள்பக்கம் கை வைத்தால் தோசைக்கல் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். இரண்டாவது அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு ஊதாவாக மாறியது. அப்புறம் நடுவில் கொப்புளம் கிளம்பியது.

எல்லாரும் ஒட்டும் விலையைக் கேட்கிறார்கள், உரிக்கும் விலையை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முடிவு செய்ய வேண்டிய இடம் அதுதான். வெந்துபோன ஃபிலிம் முழுசாக உரியாது; விரல் அகலத்துக்குக் கிழிந்து கிழிந்து வரும், பசை கண்ணாடியிலேயே தங்கும். இரண்டு பேர் ஷாம்புத் தண்ணீர் தெளித்து, பிளேடால் சுரண்டிச் சுரண்டி ஒரு நாள் முழுக்க எடுத்தார்கள். கூலி 2,000 ரூபாய். ஷோகேஸ் அன்று காலி, கண்ணாடியில் இரண்டு கீறல் வேறு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படி என்றால் ஆறு வருடத்தில் மூன்று முறை ஒட்டி, இரண்டு முறை உரித்து, கிட்டத்தட்ட 17,000 ரூபாய். செராமிக்குக்கு எனக்குச் சொன்ன விலை சதுர அடிக்கு 170, மொத்தம் 16,320. ஆறு வருடம் தாங்கினாலே கணக்கு சரியாகிவிடும்.

அதனால் செராமிக் ஒட்டினேன். புடவையின் நிறம் வெளியிலிருந்து உள்ளபடி தெரிகிறது. முன்பெல்லாம் நான்கு மணியானால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே நகரும் பில் போடும் பெண் இப்போது இடம் மாறுவதில்லை. கரண்ட் பில் குறைந்ததா என்றால், அதே சமயம் ஏசியையும் மாற்றியதால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் அனுபவமும் இரண்டு கோடைதான். பத்து வருட வாரண்டி கார்டைப் பில்லோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது ஃபிலிமுக்குப் பின்னால் விளக்கு வைத்து, "கையில் சூடு படுகிறதா பாருங்கள்" என்று காட்டுவார்கள். அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். வெயிலின் சக்தியில் அது ஏறக்குறைய பாதிதான். "90 சதவீதம் அகச்சிவப்பு தடுக்கும்" என்றால் 90 சதவீதம் சூடு குறையும் என்று அர்த்தம் இல்லை. மொத்த வெயில் சக்தியில் எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணைக் கேளுங்கள், ஃபிலிமின் விவரத் தாளில் டி.எஸ்.இ.ஆர். (TSER) என்று போட்டிருக்கும். உங்களுடையது சாதாரணக் கண்ணாடியா, சூடேற்றி உறுதியாக்கிய டஃப்பண்ட் கண்ணாடியா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரணக் கண்ணாடியில் வெப்பத்தைக் குடிக்கும் ஃபிலிமை ஒட்டி, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தால், மேல்பாதி நிழலிலும் கீழ்ப்பாதி சூட்டிலும் இருந்து விரிசல் விடலாம்.

ஒட்டிய பிறகு ஒரு மாதம் துடைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் காய வேண்டும். அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். எங்கள் கடைப் பையன் ஆடித் தள்ளுபடி ஸ்டிக்கரைப் பழக்கத்தில் உள்பக்கம் ஒட்டிவிட்டான். எடுக்கும்போது நகம் அளவுக்கு ஃபிலிம் கீறிக்கொண்டது, மாலை வெயிலில் இன்றைக்கும் அது புள்ளியாகத் தெரிகிறது. இப்போது ஸ்டிக்கர் எல்லாம் வெளிப்பக்கம்தான்.